இடி அண்ணனின் மூக்கு

இடி அண்ணனைப் பார்ப்பதற்கு முன்பே எல்லோரும் அவருடைய சத்தத்தைக் கேட்டுவிடுவார்கள். தேசியப் பூங்காவின் வாசலில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறக்கும்போதே, மூங்கில் புதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தும்மல் வரும். நீங்களும் நானும் கைக்குட்டைக்குள் போட்டு மடித்து வைக்கிற தும்மல் இல்லை அது. அடிவயிற்றில் புறப்பட்டு, நெஞ்சில் சற்றுத் தங்கி, தலையைப் பின்னால் சாய்க்க வைத்து, சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, அதற்குப் பிறகு வெடிக்கும். டிக்கெட் கவுண்டரின் தகரக் கூரைமேல் உட்கார்ந்திருக்கும் மைனாக்கள் அசையாது. அவற்றுக்குப் பழகிவிட்டது. புதிதாக வந்த பயணிகள்தான் பறப்பார்கள்.

அண்ணனின் தொழில் காட்டுப் பாதையில் வழிகாட்டுவது. இருவாட்சிப் பறவை கூடு வைத்திருக்கும் பெரிய மரம்வரை பயணிகளை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். பாதை தொடங்கும் இடத்தில், அவர் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால், ஒரு பலகை. அதில் இரண்டு மொழிகளில் எழுதியிருக்கும். ஒரு மொழியில் 'அமைதி காக்கவும்' என்று வெறும் கட்டளை. இன்னொரு மொழியில் முன்னால் ஒரு 'தயவுசெய்து' உண்டு. இரண்டையும் படிக்கத் தெரிந்த பாவத்துக்கு எனக்கு இரண்டு மடங்கு பயம் வரும். அந்தப் பலகையின் அடியில் நின்றுகொண்டுதான் அண்ணன் தும்முவார்.

வேலை நிமித்தம் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவன் நான். நடக்கச் சொன்னார் டாக்டர். நகரத்தில் நடந்தால் வண்டி மோதிவிடும் என்ற பயத்தில் விடுமுறை நாட்களில் காட்டுக்கு வர ஆரம்பித்தேன். இங்கே அட்டை, பாம்பு, வழுக்குப் பாறை என்று பயப்படுவதற்கு விதவிதமாக இருந்ததால் மனம் ஒன்றில் நிலைக்காமல் நிம்மதியாக இருந்தது. அப்படிப் பழக்கமானவர்தான் அண்ணன்.

அண்ணனின் வாழ்க்கையை எழுதுவதென்றால் அவருடைய மூக்கின் வாழ்க்கையைத்தான் எழுத வேண்டும். இளவயதில் மாவு மில்லில் சேர்ந்தார். தும்மியதில் மாவு மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர் வெள்ளையாகிப் போனார். துணிக்கடை கிடங்குக்குப் போனார். அங்கே பஞ்சு. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் காகிதத் தூசி. போட்டோ ஸ்டுடியோவில் தூசி இல்லை, ஆனால் விளக்கு வெளிச்சம் மூக்கைக் கூச வைத்தது. அவர் உதவியாளராக இருந்த காலத்தில் எடுத்த குடும்பப் படங்களில் எல்லாம் மொத்தக் குடும்பமும் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் என்று அவரே பெருமையாகச் சொல்வார். கடைசியில் ஒரு டாக்டர், "தூசியே இல்லாத இடமாப் பாத்துப் போங்க. காட்டுல கீட்டுல வேலை கெடைச்சா நல்லது" என்றார். அந்த டாக்டர் பிறந்ததிலிருந்து மாடிக்கட்டடத்தை விட்டு இறங்காதவர். காட்டில் பூக்கள் இருக்கும், பூவில் மகரந்தம் இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?

பூங்கா வாசலிலேயே அண்ணி ஒரு சிறு தையல் கடை வைத்திருக்கிறார். அட்டை ஏறாமல் இருக்க முழங்கால்வரை போட்டுக்கொள்ளும் துணிக் காலுறைகள் தைத்துக் கொடுப்பார். வேலைக்குச் சேர்ந்த அன்று காலளவு கொடுக்கப் போன அண்ணன், அளவெடுக்கும்போதே தும்மிவிட்டார். குண்டூசி டப்பா கவிழ்ந்து கடை முழுவதும் ஊசி.

"முதல்ல அத்தனையையும் பொறுக்கிக் குடுங்க. அப்புறம் பேசுவோம்" என்றாராம் அண்ணி.

பொறுக்கி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் எல்லாமே பேசி முடித்துவிட்டார்கள்.

இத்தனை வருஷமும் பிழைப்பு இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. வழியில் சரியாக ஒரு திருப்பத்தில், வெள்ளைப் பூக்கொடி ஒன்று பாதையின் குறுக்கே தொங்கும் இடத்தில், அண்ணன் தும்முவார். பிறகு கூட்டுமரத்தின் எதிரே ஓலை மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்ததும் ஒருமுறை. ஒவ்வொரு தும்மலுக்குப் பிறகும் மரத்தை நோக்கிக் கையைக் கூப்பி, "மன்னிச்சுக்கோப்பா" என்று பறவையிடம் சொல்வார். பயணிகள் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

பீரங்கி மாதிரி கேமராக்களோடு ஒரு குழு வந்த நாளில்தான் வினை பிடித்தது. ஆண் இருவாட்சி பழத்தோடு வந்து கூட்டின் வாயில் உட்கார்ந்த அதே நொடியில் அண்ணன் தும்மினார். கேமராக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து துள்ளினார்கள். அவர்கள் எடுத்த படங்களில் கொஞ்சம் வானமும், ஒருத்தருடைய காதும், இன்னொருத்தருடைய தொப்பியும் விழுந்திருந்தன. நேரே ரேஞ்சரின் அறைக்குப் போய், "இந்த ஆள் காட்டையே காலி பண்ணிடுவார்" என்று சத்தம் போட்டார்கள்.

ரேஞ்சர் புதிதாக வந்த இளம்பெண். நல்லவர். காட்டில் யாராவது பிஸ்கட் காகிதத்தைச் சுருட்டினால்கூட முகம் சுளிப்பவர். அண்ணனை உட்கார வைத்துத்தான் பேசினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நாம சத்தம் போடாதீங்கன்னு பலகை வச்சிட்டு நாமளே வெடி வச்சா எப்படி? கூட்டுக்குள்ள பெட்டை இருக்கு. ஆண் பயந்து வராம போயிட்டா உள்ள இருக்கிறதுக்குச் சோறு யாரு குடுப்பா?"

"வேணும்னேவா செய்யறேன் மேடம்? அதுவா வருது."

"தெரியும். திங்கக்கிழமை நானே கூட வர்றேன். தும்மாம கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டீங்கன்னா பாதை உங்களுக்குத்தான். இல்லைன்னா கவுண்டர்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு. அங்க எவ்வளவு வேணும்னாலும் தும்முங்க."

இருவாட்சியின் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டையிடும் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண்ணும் எச்சமும் வைத்து அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். ஆண்தான் பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்ட வேண்டும். குஞ்சு வளர்ந்தபின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். வருஷா வருஷம் அந்தச் சுவர் உடைகிற நாளை அண்ணன் தவறவிட்டதில்லை. கவுண்டரில் உட்கார்ந்தால் கண்ணாடி வழியாக வண்டி நிறுத்துமிடம் மட்டும்தான் தெரியும்.

போதாக்குறைக்கு அந்தக் கவுண்டரின் பொறுப்பாளர் அண்ணியின் தம்பி.

தையல் கடையில் குடும்ப ஆலோசனை நடந்தபோது, என் காலுறையின் நாடா அறுந்ததைத் தைத்துக்கொள்ள நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். கவுண்டரை அப்படியே போட்டுவிட்டு மச்சான் ஓடி வந்தார்.

"மாமா, நீங்க என் கவுண்டருக்கு வந்தீங்கன்னா நான் செத்தேன்."

"ஏன்டா, உன்னைக் கடிச்சா திங்கப்போறேன்?"

"நீங்க உள்ள வந்தா நான் எழுந்து நிக்கணும். நான் எழுந்து நின்னா டிக்கெட்டை யாரு கிழிக்கிறது? நீங்க லேட்டா வந்தா நான் திட்ட முடியுமா? திட்டினா சாயங்காலம் அக்கா என்னைத் திட்டுவா."

"சாயங்காலம் வரைக்கும் எதுக்குடா காத்திருக்கணும்? இங்கிருந்தே திட்டுவேன், கண்ணாடி வழியாக் கேக்கும்" என்றார் அண்ணி, வாயில் ஊசியோடு.

"பாத்தீங்களா மாமா? தும்மலை நிறுத்தியே ஆகணும். உங்களுக்காக இல்ல, எனக்காக."

அன்றிலிருந்து அந்த மூக்கு பட்ட பாடு கொஞ்சமா? அண்ணி காலையும் மாலையும் ஆவி பிடிக்க வைத்தார். உப்புநீரில் கழுவ வைத்தார். மச்சான் மருந்துக்கடையில் நின்று, இருப்பதிலேயே வீரியமான மாத்திரையைக் கேட்டு வாங்கி வந்தார். என் பங்குக்கு நான் எப்போதும் பையில் வைத்திருக்கும் முகக்கவசங்களைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பரீட்சை நடந்தது. அண்ணி பழைய தலையணையை எடுத்து அண்ணனின் முகத்துக்கு நேராகப் படபடவென்று தட்டினார். கடையே புகைமண்டலமானது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தலை பின்னால் சாய்ந்தது. வாய் திறந்தது. வந்தது கொட்டாவி.

"தும்மல் போச்சு! மூக்கு வழிக்கு வந்துடுச்சு!" என்று மச்சான் குதித்தார். அண்ணி தலையணையை ஓரமாக வைத்துவிட்டு அண்ணனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வீடு அமைதியா இருக்கும்போல. அதான் யோசிக்கிறேன்."

திங்கட்கிழமை ரேஞ்சரோடு நானும் போனேன். பயணி என்று ஒருவராவது இருந்தால்தான் பரீட்சை சரியாக இருக்கும் என்று ரேஞ்சர் நினைத்தார். சட்டென்று கண்ணில் பட்ட பயணி நான். வாசலில் அண்ணி கடைசியாக ஒருமுறை அண்ணனின் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"வாயைத் திறக்காதீங்க. மூக்கையும் திறக்காதீங்க."

"அப்புறம் மூச்சு எதால விடறது?"

"போயிட்டு வந்து விடுங்க."

தொங்குபாலத்தைக் கடந்து காட்டுக்குள் மேடேறினோம். இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மரவேர்கள் பாதை முழுவதும் ஆள் தடுக்கக் காத்துக் கிடந்தன. அட்டைகள் இலைநுனியில் எழுந்து நின்று என்னை மட்டும் பார்ப்பதுபோல் தோன்றியது. மாத்திரையின் மயக்கத்தில் அண்ணன் ஆமை மாதிரி நடந்தார். வெள்ளைப் பூக்கொடித் திருப்பம் வந்தது. அண்ணன் நின்றார். நானும் ரேஞ்சரும் மூச்சைப் பிடித்தோம். அண்ணன் பூவை முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசனையாத்தான் இருக்கு. இத்தனை நாள் தெரியலை" என்றார். ரேஞ்சர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு.

ஆனால் கொஞ்சதூரம் போனதும் ஒரு குரங்குக் கூட்டம் எங்களைக் கண்டு அலறியது. வழக்கமாக அந்த இடத்தில் அவை இலையை மென்றுகொண்டே எங்களை ஏதோ எதிர்வீட்டுக்காரர்போலப் பார்க்கும். அன்று குட்டிகளை வாரிக்கொண்டு கிளைக்குக் கிளை தாவி ஓடின.

"இவனுங்களுக்கு என்ன கேடு? என்னிக்கும் இப்படிக் கத்தினதில்லையே" என்று அண்ணன் முணுமுணுத்தார்.

ஓலை மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்தோம். எதிரே பெரிய மரம், நடுத்தண்டில் அடைத்த பொந்து, அதில் ஒரு கீற்று. உள்ளிருந்து அலகின் நுனி எட்டிப்பார்த்து உள்ளே போனது. பசி. சற்று நேரத்தில் வானத்தில் ஒரு சத்தம், பழைய ரயில் மேடேறும்போது மூச்சு வாங்குவதுபோல. ஆண் இருவாட்சியின் சிறகுச் சத்தம் அது. தொண்டை புடைக்கப் பழத்தை அடக்கிக்கொண்டு வந்து தூரத்து மரத்தில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து எங்கள் பக்கம் பார்த்தது. கூட்டுக்கு வரவில்லை. இன்னொரு மரத்துக்குப் போய் அங்கிருந்து பார்த்தது. அதன்பின் பறந்தே போய்விட்டது.

காத்திருந்தோம். மறுபடி வந்தது. மறுபடியும் அதே கதை. கீற்றில் அலகு வருவதும் போவதுமாக இருந்தது.

"நாம இருக்கிறதாலதான் வரமாட்டேங்குதா?" என்று கேட்டார் ரேஞ்சர்.

"எப்பவும் வருவானே மேடம். நான் உக்காந்ததும் வந்துடுவானே."

"அண்ணே, மனுஷனைப் பாத்து ஊட்டாமப் போகுதுன்னா விதிப்படி பாதையையே மூடணும். குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் யாரும் வரக் கூடாது. நீங்களும் வரக் கூடாது. எனக்கு வேற வழி இல்ல."

அண்ணன் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூடிடுங்க மேடம்" என்றார். "நான் கவுண்டருக்கே போறேன். உள்ள இருக்கிறது பட்டினி கிடக்கக் கூடாது."

காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

எழுந்து சில அடி நடந்த அண்ணன் திரும்பி நின்றார்.

"மேடம், ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அவனுக்கு நான் யாருன்னு தெரியலையோ?"

"என்ன?"

"குரங்கு கத்தினதைப் பாத்தீங்கல்ல? காட்டுல சத்தமில்லாம வர்றது யாரு? கொல்ல வர்றதுதான். நான் வருஷக்கணக்கா முன்னாடியே சொல்லிட்டு வந்தவன். இன்னிக்குத் திருடன் மாதிரி வந்திருக்கேன்."

ரேஞ்சர் அண்ணனைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"சரி, தும்முங்க."

"மாத்திரை போட்டிருக்கேனே மேடம்."

"யாரு போடச் சொன்னது?"

"நீங்கதானே…"

அடுத்து நடந்ததை அந்தக் காட்டில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள். தேசியப் பூங்காவின் ரேஞ்சர் ஒரு புல்லைப் பிடுங்கி வழிகாட்டியின் மூக்கில் விட்டுக் குடைந்தார். பலனில்லை. கைக்குட்டை நுனியைத் திரித்து விட்டுப் பார்த்தார்கள். கண்ணில் நீர் வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. என் பையில் வேர்க்குருப் பவுடர் டப்பா இருந்தது. அதைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினேன். நான் தும்மினேன். ரேஞ்சர் பூனைக்குட்டி மாதிரி தும்மினார். அண்ணன் வெள்ளை முகத்தோடு கல்லாக நின்றார். தூரத்தில் வந்து உட்கார்ந்திருந்த ஆண், எங்கள் தும்மலைக் கேட்டு இன்னும் இரண்டு மரம் தள்ளிப்போனது. கடைசியில் அண்ணன், "ஹச்!" என்று பொய்த்தும்மல் ஒன்றைப் போட்டார். மேடையில் வசனம் மறந்த நடிகரைப் பார்ப்பதுபோல் அந்தப் பறவை தலையைத் திருப்பிக்கொண்டது.

"போதும். நாம போயிடலாம். நாம போனாலாவது வரட்டும்" என்றார் ரேஞ்சர்.

இறங்கினோம். வெள்ளைப் பூக்கொடித் திருப்பத்தில் ஒரு பூ உதிர்ந்து அண்ணனின் தோளில் விழுந்தது. அண்ணன் நின்றார். மாத்திரையின் பிடி தளர்ந்திருக்க வேண்டும். நெஞ்சு விரிந்தது, தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது.

"இங்க வேணாம்!" என்று கத்தினார் ரேஞ்சர், அமைதிப் பலகைக்குச் சொந்தக்காரர். "பிடிச்சுக்கோங்கண்ணே! மேல! மேல வாங்க!"

அண்ணன் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஓடினார். ரேஞ்சர் பின்னாலிருந்து முதுகைத் தள்ளினார். வேரில் தடுக்கினால் என்ன ஆகும் என்று எல்லா விதமாகவும் கற்பனை செய்தபடி நான் பின்னால் ஓடினேன். ஓலை மறைப்புக்கு வந்து சேர்ந்து, அண்ணன் விரலை எடுத்தார்.

அதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. மறைப்பின் ஓலைகள் நடுங்கின. எதிர்மலை ஒருமுறை திருப்பிச் சொன்னது. அது அடங்குவதற்குள் தலைக்கு மேல் ரயில் மூச்சு. ஆண் இருவாட்சி நேராக வந்து கூட்டின் வாயில் உட்கார்ந்து, எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், பழத்தை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து கீற்றுக்குள் ஊட்டத் தொடங்கியது.

பழக்கதோஷத்தில் அண்ணன் கையைக் கூப்பினார். "மன்னிச்சுக்கோப்பா" என்று சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். இத்தனை வருஷம் எதற்கு மன்னிப்புக் கேட்டோம் என்று யோசிப்பவர்போல் இருந்தது அவர் முகம்.

வாசலில் அண்ணி இரண்டு கையிலும் ஒரே காலுறையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் மச்சானின் மூக்கு நசுங்கித் தெரிந்தது.

"தும்மினீங்களா?" என்றார் அண்ணி.

"தும்மினேன்."

மச்சான் உள்ளேயே எழுந்து நின்றுவிட்டார், மரியாதை இப்போதே தொடங்கிவிட்டதுபோல.

"அக்கா," என்றார் ரேஞ்சர், தலையில் ஒட்டியிருந்த பவுடரைத் தட்டியபடி, "இனிமே அண்ணனுக்கு எந்த மாத்திரையும் குடுக்காதீங்க. பாதை அவருக்குத்தான்."

மச்சான் பொத்தென்று உட்கார்ந்தது வெளியே கேட்டது.

அண்ணி அண்ணனை மேலும் கீழுமாகப் பார்த்தார். "முகமெல்லாம் என்ன மாவு? மறுபடியும் மில்லுக்கா போயிட்டு வந்தீங்க?"

அந்த வாரமே பலகையில் ஒரு வரி சேர்ந்தது. 'அமைதி காக்கவும்' என்பதன் கீழே பெயின்டால், 'வழிகாட்டி நீங்கலாக'. இன்னொரு மொழியில் இன்னும் எழுதவில்லை. அதனால் அந்த மொழி மட்டும் தெரிந்தவர்கள் அண்ணனைப் பார்த்து இன்றும் முறைக்கிறார்கள். நான் இரண்டு மொழியிலும் நிம்மதியாக நிற்கிறேன்.

சில வாரங்கள் கழித்து, சுவர் உடையும் பருவத்தில், அண்ணன் எங்கள் எல்லோரையும் கூட்டிப்போனார். கடையைப் பூட்டிவிட்டு அண்ணியும் வந்தார். கவுண்டரைப் பூட்ட முடியாத மச்சான் மட்டும் வரவில்லை. பொந்தின் அடைப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்து விழுந்தது. கலைந்த தலையோடு ஒரு குஞ்சு வெளியே தலையை நீட்டி உலகத்தைப் பார்த்தது. சரியாக அப்போது அண்ணனின் நெஞ்சு விரிந்தது. அண்ணி அவர் வாயைப் பொத்தப் பாய்ந்தார், எட்டவில்லை.

இடி இறங்கியது. அண்ணியின் செருப்பு ஒன்று கழன்று பள்ளத்தில் போனது. நான் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டேன். குஞ்சு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி, வாயைத் திறந்து, பழம் கேட்டது.

"பாருங்க," என்றார் அண்ணி, ஒற்றைக் காலில் நின்றபடி. "முட்டைக்குள்ளயே கேட்டுப் பழகியிருக்கு. இப்ப உங்களைத்தான் அப்பன்னு நெனச்சிருக்கு. போய் ஊட்டுங்க."

அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.